சிப்பாய் யாருடைய ஆள்?

போன ஜூலை 10-ஆம் தேதி காலையில் அண்ணன் பையனை வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வேலூர் மக்கான் வழியாகப் போனேன். நினைவுத் தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள். "இது இன்னா சித்தப்பா?" என்றான். "கோட்டையில சிப்பாய்ங்க வெள்ளைக்காரன எதுத்து சண்ட போட்டாங்க இல்ல, அதுக்கு வெச்ச தூணு" என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். கோட்டை அகழி கண்ணில் பட்டதும் கேட்டான்: "செஸ்ல முன்னாடி வரிசையா நிக்குமே, அந்தச் சிப்பாயா?"

அவனுக்கு எட்டு வயது. அவனுக்குத் தெரிந்த ஒரே சிப்பாய் அந்த மரக்காய்தான். இத்தனைக்கும் எங்கள் பெரியப்பா, அவனுக்குத் தாத்தா முறை, 17 வருடம் பட்டாளத்தில் இருந்தவர். சேர்ந்தபோது அவருடைய பதவியின் பெயரே சிப்பாய். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் அவரை ஒருவர்கூடச் சிப்பாய் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மிலிட்டரிக்காரர் என்பார்கள். வயதானவர்கள் பட்டாளத்துக்காரர் என்பார்கள். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் சிப்பாயைச் சிப்பாய் என்று சொல்ல நம் வாய்க்கு ஏன் வருவதில்லை? பையனுக்கு உடனே ஒரு பதில் சொல்லிவிட்டேன், ஆனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சொல்லின் பிறந்த வீடு பாரசீகம். 'சிபாஹ்' என்றால் அங்கே படை. படையைச் சேர்ந்தவன் 'சிபாஹி'. இஸ்லாத்துக்கு முந்தைய காலத்துப் பாரசீகத்தில் இது 'ஸ்பாஹ்' என்று இருந்தது. இஸ்பஹான் நகரத்தின் பெயருக்குள்ளும் இந்தப் படைதான் இருக்கிறது. ஈரானைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் புரட்சிக் காவல் படை என்று படிக்கிறோமே, அதை ஈரானியர்கள் சுருக்கமாக 'செபாஹ்' என்கிறார்கள். பிறந்த வீட்டில் சொல்லுக்கு இன்றும் கம்பீரம் குறையவில்லை. யாருக்கோ வேலை பார்க்கிறவன் என்ற வாடை அங்கே கிடையாது.

அந்த வாடை வெளியூர் போன பிறகு ஏறியது. முதலில் துருக்கி. உஸ்மானியப் பேரரசில் சிபாஹி என்றால் குதிரைப்படை வீரன். சுல்தான் அவனுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு நிலப்பகுதியின் வரி வருமானத்தைக் கொடுப்பார். அதை வசூலித்து அவன் தன் குதிரையையும் ஆட்களையும் வைத்துக்கொள்ள வேண்டும், போர் என்றால் வந்து நிற்க வேண்டும். சுல்தானுக்கு அவன் வீரன். ஆனால் பால்கன் பகுதியில் அந்த நிலத்தை உழுத குடியானவன் அவனை எப்போது பார்த்தான்? களத்துமேட்டில், விளைச்சலில் பங்கு கேட்டு வரும்போதுதான் பார்த்தான். அதனால் செர்பிய மொழியில் 'ஸ்பாஹியா' என்ற சொல்லுக்கு நிலக்கிழார் என்ற பொருளே நின்றுவிட்டது. ஆளும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை, பார்க்கிற இடம் மாறியது. போஸ்னியாவிலும் அல்பேனியாவிலும் ஸ்பாஹிச், ஸ்பாஹியு என்ற குடும்பப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தச் சொல் இரண்டு முறை போனது. 1830-இல் அல்ஜீரியாவைப் பிடிக்கத் தொடங்கிய பிறகு அங்கே உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக் குதிரைப்படை அமைத்தார்கள். துருக்கிப் பெயரையே எடுத்து 'ஸ்பாஹி' என்றார்கள். சிவப்பு மேலங்கி போட்ட அந்தப் படையின் பெயரை ஒரு பிரெஞ்சு ரெஜிமெண்ட் இன்றும் வைத்திருக்கிறது, குதிரைக்குப் பதில் கவச வண்டிகள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே பாண்டிச்சேரி வழியாக அதே சொல் 'சிபாய்' என்று பிரெஞ்சுக்குள் நுழைந்திருந்தது. அது இந்தியக் காலாள். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று குதிரை மேல், ஒன்று தரையில். பிரெஞ்சு அகராதியில் இரண்டுக்கும் தனித்தனி இடம்.

சரி, நம் பக்கம் வருவோம். சிப்பாய் என்ற சொல் உலகத்துக்குப் பெரிதாகத் தெரியவந்ததில் பழைய வட ஆற்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கச் சென்னையிலிருந்து கிளம்பியபோது அவரோடு வந்தவர்கள் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். பிறகு சுமார் 50 நாள் முற்றுகை. அரிசி தீர்ந்து வந்தபோது சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதையை ஆங்கிலேயர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதைக்கு ஒரு வேலை இருந்தது. சிப்பாய் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்களோ அதை அந்தக் கதை சொன்னது. வேறொருவனுக்காகத் தன் சோற்றையும் விட்டுக்கொடுப்பவன். அந்த அர்த்தத்தோடுதான் சொல் ஆங்கிலத்தில் 'சிபாய்' என்று நிலைத்தது: ஐரோப்பியரிடம் சம்பளம் வாங்கி, ஐரோப்பிய முறையில் பயிற்சி எடுத்த இந்தியக் காலாள். பாரசீகத்தில் இருந்த 'படையைச் சேர்ந்தவன்' இங்கே 'எங்கள் படையில் இருக்கும் உங்கள் ஊர்க்காரன்' ஆனான்.

தமிழ் இதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதை எழுத்திலேயே பார்க்கலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'சிபாயி' மாதிரி ஒற்றை எழுத்தோடு எழுதினால் போதும், வல்லோசை நிற்கும். தமிழில் 'சிபாய்' என்று எழுதினால் அந்தப் ப, கோபத்தில் வரும் ப மாதிரி மெலிந்துவிடும். அதனால் தமிழ் ஒரு ப்-ஐ முட்டுக்கொடுத்து நிறுத்தியது. கடைசியில் இருந்த 'ஹி' நம் வாயில் நிற்கவில்லை, ய் ஆகிவிட்டது. மிட்டாயைச் சொல்லிப் பாருங்கள். மிட்டாயீ என்று வந்ததை ட்-ஐ இரட்டித்து, வாலை நறுக்கி, இதே அச்சில்தான் வார்த்திருக்கிறோம். சிப்பாய் கையில் இருந்த துப்பாக்கியும் துருக்கியிலிருந்து கிளம்பி வந்து ப்-ஐயும் க்-ஐயும் இரட்டித்துக்கொண்ட சொல்தான். கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலும் அப்படித்தான்.

ஒலி இப்படி. பொருள் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. வந்த சொல் தான் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. உள்ளூர் மொழியில் எந்த நாற்காலி காலியாக இருக்கிறதோ அதில்தான் உட்கார முடியும். தமிழில் வீரன், படைவீரன், மறவன், காலாள் எல்லாம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். ராஜராஜனின் படையிலிருந்தவனைச் சிப்பாய் என்று யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். காலியாக இருந்தது ஒரே நாற்காலி: கும்பினிப் படையில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில், இருந்த நம்மவன். அது அந்தக் காலத்தில் புதிதாக முளைத்த வேலை, அதற்குத் தமிழில் பெயர் இல்லை. சிப்பாய் அதில் உட்கார்ந்தது.

பக்கத்து மொழிகளில் வேறு நாற்காலி கிடைத்தது. இந்தியில் சிபாஹி என்றால் இன்றைக்குப் போலீஸ் கான்ஸ்டபிளும்தான். மராத்தியில் 'ஷிபாயி' கான்ஸ்டபிள், அதோடு ஆபீஸ் பியூனும். மலையாளத்தில் 'ஷிபாயி' என்றால் பியூன். எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் பெல் அடித்துக் கூப்பிட்டால் வருகிறவர் பெயரும், வேலூர் கோட்டையில் துப்பாக்கி தூக்கியவர் பெயரும் ஒன்று. தமிழில் அது நடக்கவில்லை. காரணம், அந்த முக்காலியில் ஏற்கனவே ஒருவர் இருந்தார்: சேவகன். பழைய இலக்கியத்தில் சேவகம் என்றால் வீரம், சேவகன் என்றால் வீரன். அவர் எப்போதோ இறங்கி வந்து கச்சேரிச் சேவகன், கோர்ட் சேவகன் ஆகிவிட்டார். அப்புறம் போர்ச்சுகீசியர் வழியாகப் பியூன் வந்தார். பியூன் யார் என்று தோண்டினால் அவரும் காலாள் படைவீரன்தான். லத்தீனில் கால் என்பதற்கான சொல்லிலிருந்து பிறந்து, கால்நடையாகப் போரிடுபவன் என்று பொருள்பட்டு, பிறகு கூலியாள், ஏவலாள் என்று இறங்கிய சொல் அது.

படைச் சொற்கள் ஆபீசுக்குள் வந்து சேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் சத்துவாச்சாரியில் உள்ள கலெக்டர் ஆபீசுக்கு ஒருநாள் போய்வாருங்கள். கலெக்டர் அறை வாசலில் வெள்ளை உடுப்பும், குறுக்கே சிவப்புப் பட்டையும், தலைப்பாகையுமாக நிற்பவர் டபேதார். டபேதார் என்பது குதிரைப்படைப் பதவி. இந்திய ராணுவத்தின் கவசப் படைகளில் இன்றும் ஹவில்தாருக்குச் சமமான அந்தஸ்து அது. ராணுவத்தில் ஆட்களை நடத்துகிறவர், கலெக்டரேட்டில் காருக்குக் கதவு திறக்கிறார். அவர் மேலே போட்டிருக்கும் அந்தப் பட்டைக்கு டவாலி என்று பெயர், பாரசீகத்தில் அதற்குத் தோல் வார் என்று பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலிலேயே பிழைக்கிற நம் பழைய ஜில்லாவில் இதைத் தோலாகப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

இன்னும் தள்ளி, வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டு. ஏரிக் கால்வாய்களில் மதகு ஏற்றி இறக்குகிற நீர்வளத்துறை ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். 'தண்ணி எப்ப வரும்னு லஸ்கரைக் கேளுப்பா' என்பது விவசாயிகள் பேச்சு. பாரசீகத்தில் லஷ்கர் என்றால் ஒரு படையே! அது போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர் வாயில் கப்பல் கூலியாகி, பீரங்கி இழுக்கும் ஆளாகி, கடைசியில் பாலாற்றில் ஷட்டர் சாவியோடு நிற்கிறது. ஜமாதாரின் கதை இன்னும் வருத்தமானது. 1965 வரை இந்திய ராணுவத்தில் அது அதிகாரப் பதவியின் பெயர். வட இந்தியத் தெருக்களில் அந்தச் சொல்லுக்குத் துப்புரவுத் தொழிலாளி என்ற பொருள் வந்துவிட்டது. ராணுவம் தன் பதவிக்கு நாயிப் சுபேதார் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது. தெருக்கூட்டுகிறவருக்கு ஜமாதார் என்று பெயர் கொடுத்தவர்கள் அவருக்கு மரியாதை கொடுத்தார்களா, அந்தச் சொல்லின் மரியாதையைப் பிடுங்கிக்கொண்டார்களா? எனக்குப் பின்னதுதான் என்று படுகிறது.

ஆக, எல்லாரும் இறங்கி ஆபீசிலும் அணைக்கட்டிலும் வேலை பார்க்கும்போது தமிழில் சிப்பாய் மட்டும் இறங்காமல் அப்படியே நின்றது எதனால்? நாற்காலிக் கணக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கோட்டைக்குள் இருக்கிறது.

1805 நவம்பரில் மதராஸ் படைத் தலைமையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். தலைப்பாகைக்குப் பதில் தொப்பி மாதிரி ஒன்று, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். தோல் என்றதும் இந்துச் சிப்பாய்களுக்கும் முஸ்லிம் சிப்பாய்களுக்கும் அவரவர் சந்தேகம். ஆனால் தோலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் அந்தக் காலத்துத் தமிழ். அன்றைக்கு ஐரோப்பியரைத் தமிழில் 'தொப்பிக்காரர்' என்றுதான் சொன்னார்கள். தொப்பி என்பது ஒரு உடுப்பு மட்டும் இல்லை, அதுதான் அவர்களின் இனப்பெயர், மதப்பெயர் எல்லாம். அந்தத் தலையில் தொப்பியை வைத்தால் வீட்டுக்குப் போகும்போது அவன் யார்? பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் சாதி சனத்துக்கும் அவன் இனிமேல் தொப்பிக்காரன். அதிகாரிகளுக்கு அது ஒரு யூனிஃபார்ம் மாற்றம். சிப்பாய்க்கு அது தான் யாருடைய ஆள் என்ற கேள்வி.

1806 மே மாதத்தில் வேலூரில் இந்தப் புதுத் தொப்பியை மறுத்தவர்களை விசாரித்துச் சவுக்கடி கொடுத்தார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டையில் சுடும் சத்தம் கேட்டது. 1799-இல் திப்பு இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் 69-ஆவது பிரிட்டிஷ் ரெஜிமெண்டின் வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் ஒதுங்கிய சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து சுவரோடு நிற்க வைத்துச் சுட்டார்கள். பிறகு விசாரணை. சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கில் போட்டார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். தொப்பி உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். ஆளுநர் பென்டிங்க்கையும் படைத் தலைவர் கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

55 வருடத்துக்கு முன்னால் அதே ஆற்காட்டில் கஞ்சித் தண்ணீர் போதும் என்று சொன்னதாக எழுதப்பட்ட அதே சிப்பாய். இந்த ஒரு நாள் அந்தச் சொல்லைத் தமிழில் பியூனாக விடாமல் நிறுத்திவைத்தது என்று நான் நம்புகிறேன். அப்புறம் 1857-உம் சேர்ந்துகொண்டது. பாடப் புத்தகம் அதைச் சரித்திரத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. பத்திரமாக இருக்கிறது, ஆனால் புழக்கத்தில் இல்லை.

வெளிநாடுகளில் சொல் எதிர்ப்பக்கம் போனது. அர்ஜென்டினாவில் ஓர் அரசியல்வாதியைச் 'சிபாஜோ' என்று சொன்னால் அடிதடிதான். அன்னியனுக்கு நாட்டை விற்றவன், அடிவருடி என்று பொருள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சொந்த மண்ணின் போலீசைச் சிலர் இதே சொல்லால் திட்டுகிறார்கள், எங்கள் ரத்தமாக இருந்தும் அவர்களுடைய ஆள் என்று. மொசாம்பிக்கிலும் அங்கோலாவிலும் போர்ச்சுகீசிய அதிகாரிக்குக் கீழே வரி வசூலித்த, கூலிக்கு ஆள் பிடித்த ஆப்பிரிக்கப் போலீஸ்காரனின் பெயர் 'சிபாயோ'. கிராமத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் ஆட்கள் ஓடி ஒளிய வேண்டியிருந்த காலம். அர்ஜென்டினாக்காரர்கள் திட்டும்போது எனக்கு நெஞ்சில் குத்துகிறது. துரோகத்துக்குப் பெயராக அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊர்ப் பையன்களின் பெயரை. வேலூரை அறிந்திருந்தால் அந்தச் சொல்லைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் மட்டும் சொல் நல்ல இடத்தில் படுத்திருக்கிறது. அங்கே இந்தியப் படையினர் தங்கியிருந்த இடத்துக்குச் சிபாய் லைன்ஸ் என்று பெயர். ஹொக்கியன் பேசும் சீனர்கள் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'சி பாய் போ' ஆக்கினார்கள். அதை எழுதும் சீன எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் 'நாலு வரிசை நிலம்' என்ற மாதிரி பொருள் வருமாம். அந்த இடத்தில் பிறகு சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வந்தது. இன்றைக்கும் பழைய ஆட்கள் அந்த ஆஸ்பத்திரியை அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் உயிரோடு இருக்கும் சொல் எது என்றால், கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டைக்குப் போய்க் கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர், ராணுவப்பேட்டை என்றே பெயர். அங்கே 'பையன் மிலிட்டரில இருக்கான்' என்பார்கள். 'எம்.ஆர்.சி.யா, சிக்னல்சா?' என்று அடுத்த கேள்வி, மெட்ராஸ் ரெஜிமெண்டா, தகவல் தொடர்புப் பிரிவா என்று. கொஞ்சம் பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால் ஜவான். ஜவான் என்றால் பாரசீகத்தில் இளைஞன், சம்ஸ்கிருத யுவனுக்கு உறவு. காலாள் படைக்கு ஐரோப்பிய மொழிகளில் இருக்கும் 'இன்ஃபேன்ட்ரி'யும் இளம்பிள்ளை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். சண்டைக்கு அனுப்பும்போது எல்லா ஊரிலும் பிள்ளை என்று கூப்பிட்டே அனுப்பியிருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு பேச்சில் சிப்பாய் போய் ஜவான் வந்ததற்குக் காரணம் எளிது. சிப்பாய் வேறொருவனின் ஆள், ஜவான் வீட்டுப் பிள்ளை.

1806-ஐ முன்பெல்லாம் 'சிப்பாய்க் கலகம்' என்றார்கள். இப்போது பல இடங்களில் 'வேலூர் புரட்சி'. கலகம் போனது நல்லது. அது சுட்டவர்கள் வைத்த பெயர். ஆனால் கலகத்தோடு சேர்த்துச் சிப்பாயையும் ஏன் தூக்கினோம்? கோட்டைச் சுவரோரம் விழுந்தவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் நம் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கென்று மிச்சம் இருக்கும் ஒரே பெயர் அந்தச் சொல்தான். 'வேலூர் சிப்பாய்ப் புரட்சி' என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. நான் அப்படித்தான் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயந்திரம் பையன் செஸ் போர்டைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் போனான். "தாத்தா, நீ சிப்பாயா இருந்தியாமே" என்றான். அவர் காய்களை அடுக்கிக்கொண்டே, "ஆமாண்டா, மொத நாலு வருஷம். அப்புறம் நாயக், ஹவில்தார்" என்றார். "அப்ப நீ இதுதான்" என்று முன்வரிசைக் காய் ஒன்றை எடுத்து நீட்டினான். ஆங்கிலத்தில் அந்தக் காயின் பெயரான 'பான்' நம் ஆபீஸ் பியூனோடு ஒரே வேரில் பிறந்தது என்று சொல்ல எனக்கு வாய் ஊறியது, அடக்கிக்கொண்டேன். பெரியப்பா அதை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ராணிக்கு முன்னால் வைத்தார். "எங்க அப்பா சொல்லிக் குடுத்தப்ப இது காலாள்டா" என்றார்.